பிள்ளையின் சம்மதம்

சுவீடனின் உப்சாலா நகரில் குடும்ப வழக்குகள் பார்க்கும் வக்கீல் சிசெலா, பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள்: “தத்தெடுக்கப் போறது யாரு?”

எதிரே இருந்த யூனாஸ் நிமிரவில்லை. “குன்வோர். பையனோட பெரியம்மா. அவன் அம்மா செத்ததிலேர்ந்து அவங்கதான் வளர்த்தாங்க.”

“முன்னாடி எப்பவாவது மனு போட்டிருக்காங்களா?”

“போட்டாங்க. பன்னிரண்டு வயசாயிட்டா பையன் சம்மதமும் வேணுமே. அதிகாரி கேட்டப்போ, ‘இவ எனக்கு அம்மா இல்ல’ன்னு அவங்க முகத்துக்கு நேரா சொல்லிட்டான்.” யூனாஸின் காது மடல் சிவந்தது.

“அடப்பாவமே! அவங்க என்ன சொன்னாங்க?”

“வீட்டுக்கு வந்து அவனுக்குப் பிடிச்ச பான்கேக் சுட்டுக் குடுத்தாங்க.”

“சரி, இப்ப மனசு மாறிட்டானா? கூட்டிட்டு வாங்க. அவன் வாயால நான் கேக்கணும்.”

“கேட்டுக்கோங்க. நான்தான் அவன்,” என்றான் யூனாஸ். “நாப்பத்தாறு வயசாச்சு. இங்க எந்த வயசுலயும் தத்தெடுக்கலாமாமே. சம்மதம்னு அவங்ககிட்ட சொல்லத்தான் வெக்கமா இருக்கு. நீங்களே பேசுங்களேன்.”

சிசெலா போனில் ஸ்பீக்கரைப் போட்டு, குன்வோரை அழைத்து விஷயத்தைச் சொன்னாள். யூனாஸ் முகத்தை மூடிக்கொண்டான்.

“எனக்குச் சந்தோஷம்தான்,” என்றது நடுங்கும் குரல். “ஆனா பிள்ளையை யாரும் கட்டாயப்படுத்திடாதீங்க.”