துண்டு மூடிய போன்

"போன் பண்ணாம யாரையும் அனுப்பக் கூடாது. உங்க ஊர் ஆஸ்பத்திரியில இருந்து போனே வரல" என்கிறார் பெரிய ஆஸ்பத்திரியின் சேர்க்கை மேசையில் இருக்கும் கோபிநாத். அவர் கண் பதிவேட்டை விட்டு எழவில்லை. எதிரே பொன்னுத்தாயி நிற்கிறாள். அவள் பின்னால் தள்ளுவண்டியில், புதுவயல் அரிசி ஆலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அவள் புருஷன் சேவுகன் கிடக்கிறான். அவன் புருவத்தில் இன்னும் தவிடு ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் வண்டியின் கம்பி லேசாகக் கிறீச்சிடுகிறது. மத்தியான வெயில் அவன் பாதத்தில் விழுகிறது. காலை இழுத்துக்கொள்ள அவனால் முடியவில்லை. "எங்க ஊரு நர்ஸம்மா என் கண்ணு முன்னால நாலு தடவை பண்ணுனாக. இங்குட்டு யாரும் எடுக்கல." "மணியே அடிக்கல. பொய் சொல்லாதம்மா. அங்குட்டு ஓரமா நில்லு." அவள் நகரவில்லை. பரிந்துரைச் சீட்டின் மூலையில் நர்ஸ் குறித்துத் தந்த போன் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்துத் தன் செல்போனில் அழுத்துகிறாள். கோபிநாத்தின் முழங்கையருகே, தடித்த துண்டு சுற்றி வைத்திருக்கும் போன் அமுங்கிய குரலில் அடிக்கிறது. அவர் பேனா நின்றுவிடுகிறது. செல்போனைக் காதில் வைத்தபடி அவள் அவர் முகத்தையே பார்க்கிறாள். "எடுங்க. ஆளை அனுப்பியிருக்குன்னு நானே சொல்லிர்றேன்."