பக்கத்துப் பெட்டிக்குப் பால்

“நல்லா யோசிச்சுக்க ராவியா. உன் பாலை அந்தப் பையன் குடிச்சிட்டா நம்ம மார்க்கப்படி உன் பொண்ணுக்கு அண்ணன் ஆயிடுவான். நாளைக்கு ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ண முடியாது,” என்றாள் தலைமை நர்ஸ் இன்ஸாஃப்.

“ஒரு கிலோகூட இல்லாத பொண்ணுக்கு இப்பவே மாப்பிள்ளை பாக்குறீங்களாக்கும்! சம்மதத் தாளை எழுதுங்கக்கா.”

மன்சூரா நகரம் முழுக்க அலைந்து, கடைசியில் இந்த ஆஸ்பத்திரியில்தான் ராவியாவின் குழந்தைக்கு இன்குபேட்டர் கிடைத்தது. ஏழாம் மாதமே பிறந்த பெண். பக்கத்துப் பெட்டியில் ‘நஜ்வான் மகன்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. இங்கே பெட்டிக்கெல்லாம் தாய் பெயர்தான். அவனும் ஏழாம் மாதமே பிறந்தவன். பவுடர் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பிவிட்டது. தாய்ப்பால் கொடுத்தால்தான் பிழைப்பான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நஜ்வானுக்கோ அழுது அழுது சொட்டுப் பால்கூட இல்லை.

அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது, பாவம். புருஷன் லிபியாவில் வேலை பார்க்கிறானாம். ராவியாவிடம் அவள் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை.

“ரெண்டு குழந்தையோட அப்பாவும் கையெழுத்துப் போடணும். நஜ்வான், உன் புருஷன் நம்பரைச் சொல்லு,” என்றாள் இன்ஸாஃப்.

“அங்கே... சிக்னல் கிடைக்காதுக்கா.”

“நல்ல புருஷன் போ! ராவியா வீட்டுக்காரரைப் பாரு, தங்கமான மனுஷன். நாலு நாளா ரெண்டு பெட்டிக்கும் நடுவுல, கண்ணாடியை விட்டு நகராம அழுதுக்கிட்டே நிக்கிறார். அவரைக் கூப்பிடு ராவியா.”

ரஃபத் உள்ளே வந்தான். தாளைப் படித்ததும் கத்தினான்.

“உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? நம்ம பொண்ணுக்கே பால் பத்தல. ஊரான் பிள்ளைக்கு ஊத்தக் கிளம்பிட்டியே!”

“பத்தலன்னு யார் சொன்னா? ஃபிரிட்ஜுல ஆறு பாட்டில் எடுத்து வெச்சிருக்கேன். குழந்தை சாகக் கிடக்குங்க.”

“அவன் அப்பன் யாரோ எவனோ. நாளைக்கு வந்து என் சட்டையைப் பிடிச்சா? செத்தா அது விதி. நமக்கென்ன வந்துச்சு?”

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த நஜ்வான் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். முந்தானைபோல் தொங்கிய முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு விசும்பினாள்.

ராவியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீ, இவனெல்லாம் ஒரு மனுஷனா? மேஜையிலிருந்த பேனாவை எடுத்துப் புருஷன் கையில் திணித்தாள்.

“‘குழந்தையின் தந்தை’ன்னு ரெண்டு இடம் இருக்கு. ரெண்டுலயும் நீயே கையெழுத்துப் போடு. ரெண்டுக்கும் அப்பன் நீதானே?”