மாற்றிச் சொன்ன வசனம்

அந்த மனிதர் கொஞ்சமும் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் கட்டின மனைவியிடம்.

பின் வரிசையில் இருந்த யாமினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சன்னிவேலில் அவள் குடியிருக்கும் அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் மாதம் ஒரு நாட்டுப் படம் போடுவார்கள். இந்த முறை எகிப்து. பழைய கறுப்பு வெள்ளைப் படம். பேச்செல்லாம் அரபி, கீழே இங்கிலீஷில் சப்டைட்டில்.

முன் வரிசையில் கிட்டுசாமி அங்கிளும் வள்ளி ஆன்ட்டியும். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து அண்ணன் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். சொந்தமாகப் பிள்ளைகள் கிடையாது.

திரையில் மாமியார்க்காரி மகனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாகியும் ஒரு குழந்தை இல்லை, இவளை அனுப்பிவிட்டு வேறொருத்தியைக் கட்டு என்றாள்.

"சரி அம்மா, நீங்களே பெண் பாருங்கள்" என்றது சப்டைட்டில்.

வள்ளி ஆன்ட்டி கணவரின் கையைத் தட்டினார். "அவன் என்ன சொல்றானுங்க?"

அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கு இவ போதும். இனி இந்தப் பேச்சை எடுத்தா நாங்க ரெண்டு பேரும் தனியாப் போயிருவோம்ங்கறான்."

"அப்புறம்?"

"குழந்தை இல்லாட்டிப் போகுது, அவ மனசு நோகக் கூடாதுங்கறான்."

திரையில் அவன் அதற்குமேல் வாயே திறக்கவில்லை. சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் ஆம்பளைக்கு ஆம்பளை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டாள் யாமினி.

காபி பிரேக் விட்டார்கள். அங்கிள் எழுந்து போனதும் அவள் முன்னால் குனிந்தாள்.

"சாரி ஆன்ட்டி, அங்கிள் உங்ககிட்ட மாத்திச் சொல்றார். அந்த ஆளு செகண்ட் மேரேஜுக்கு ஓகே சொல்லிட்டான். நான் வேணா உங்களுக்கு ட்ரான்ஸ்லேட் பண்றேன்."

"தெரியும் அம்மிணி. நானும் படிச்சேன்."

"உங்களுக்கு இங்கிலீஷ்..."

"ரிட்டயர் ஆகற வரைக்கும் இங்கிலீஷ் டீச்சருங்க நான்."

யாமினிக்கு வெட்கமாகப் போய்விட்டது. சின்னாளப்பட்டுப் புடவையையும் அதன்மேல் போட்டிருந்த ஸ்வெட்டரையும் பார்த்து அவளாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

"அப்புறம் ஏன் ஆன்ட்டி அவர்கிட்ட கேட்டுட்டே இருக்கீங்க?"

ஆன்ட்டி காபி வாங்க நின்றிருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க மாமியாரும் ஒரு நாள் இவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திட்டு இதையேதான் சொன்னாங்க. அதோட அந்தப் பேச்சு நின்னு போச்சு. உள்ளார இவரு என்ன பதில் சொன்னாருன்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன். இந்த மனுஷன் வாயைத் தொறந்ததே இல்ல."

அங்கிள் இரண்டு கப்புகளோடு வந்துகொண்டிருந்தார். ஆன்ட்டி குரலைத் தாழ்த்தினார்.

"இன்னைக்குத்தான் சொல்லிட்டிருக்காரு. நீ நடுவுல திருத்திராத கண்ணு."