ஒரு தோழியின் கஷ்டம்

"என் தோழி ஒருத்திக்கு எட்டாம் வகுப்புன்னாலே பயமாம், இபு" என்று விரிவுரையாளரிடம் சொன்னான் பகஸ். "பாடம் நடத்திட்டு இருக்கறப்பவே பசங்க ஜன்னல் வழியா எகிறிப் போயிடறாங்களாம்."

"தோழியா, தோழனா?" என்று யாரோ கேட்க, மேசையைச் சுற்றியிருந்த பயிற்சி ஆசிரியர்கள் களைப்போடு சிரித்தார்கள். இந்தோனேசியாவின் ஜோக்ஜகார்த்தாவில் 'எனக்குக் கஷ்டம்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லாக் கஷ்டமும் யாரோ ஒரு நண்பருடையதுதான்.

எல்லோரும் 'இபு', அதாவது அம்மா, என்று அழைக்கும் விரிவுரையாளர் சுலஸ்த்ரிக்கு இது தெரியாதா? "உன் தோழியை முதல்ல ஜன்னலைச் சாத்தச் சொல்லு" என்று தேநீரை உறிஞ்சினார். "ஸ்லேமன் பள்ளியில ஒரே ஒரு இடம் காலியாயிருக்கு. மாறணும்னா இன்னிக்கே சொல்லிடுங்க."

மேசையின் ஓரத்திலிருந்த கினந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேறு பள்ளி கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவது என்றிருந்தாள்.

"எனக்கும் ஒரு தோழி" என்று வழக்கப்படி புன்னகையோடு தொடங்கினாள். "அவளோட வழிகாட்டி டீச்சர் எல்லா வகுப்பையும் அவ தலையில கட்டிட்டுக் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிடறாங்க. திரும்பி வந்து, பசங்க முன்னாடியே, உனக்கெல்லாம் எதுக்கு வாத்தியார் வேலைன்னு கேக்கறாங்க. இப்பல்லாம் வகுப்பு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடறா, இபு."

இபுவின் கண்கள் அவள் முகத்தில் நின்றன. புரிந்துவிட்டது என்று கினந்தி நினைத்த நொடியில், பக்கத்தில் விசும்பல் கேட்டது.

வெனிங். கினந்தி போகும் அதே பள்ளியில் இன்னொரு ஆசிரியையிடம் பயிற்சி பெறுகிறவள். ஏதாவது சிரமமா என்று வாராவாரம் கேட்டாலும், "ஒண்ணுமில்ல, இபு" என்று சிரித்துவிடுவாள். இன்று முக்காட்டில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள்.

இபு கோப்பையைக் கீழே வைத்தார். "அடப் பாவமே, வெனிங், நீயா அது? இத்தனை நாள் சிரிச்சே மழுப்பிட்டியே. திங்கக்கிழமையிலேருந்து ஸ்லேமன் போயிடு. கினந்தி, நல்லவேளை நீயாவது சொன்னே."

பகஸ் கினந்தியின் பக்கம் திரும்பி, "உன்னை மாதிரி ஒருத்தி எனக்கு வாய்க்கலியே" என்றான். கினந்தியின் உதட்டில் அந்தப் புன்னகை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. 'நானில்லை' என்று வெனிங் இதோ சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தாள்.

வெனிங் தலை நிமிரவில்லை. மேசைக்கடியில் அவளுடைய ஈரக் கை கினந்தியின் விரல்களைப் பற்றிக்கொண்டது. முக்காட்டுக்குள்ளிருந்து கினந்திக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தாள்.

"அது நீங்கதான்னு தெரியும்க்கா. இந்த ஒரு தடவை, அந்தத் தோழி நானாவே இருந்துட்டுப் போறேனே?"