குழப்பம் தீர்க்கும் மாத்திரை

முதுகலையில் சேருவதற்கு முன்னால் எல்லோரும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். எடுத்த படிப்பு சரிதானா என்ற குழப்பம் அதோடு தீர்ந்துவிடும். நஸ்ரினின் அண்ணன் ஃபாரூக் காக்கா அதைச் சாப்பிட்டுத்தான் மருத்துவ மேற்படிப்பு முடித்தான். அதற்குப் பிறகு அவன் உம்மாவிடம் “சாப்பிட்டியளா?” என்றுகூடக் கேட்பதில்லை. சாப்பிட்டிருப்பார் என்று அவனுக்கு உறுதியாகத் தெரியும்.

சேர்க்கைக் கூடத்தில் அதிகாரி மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினார். நஸ்ரின் வேதியியல் பட்டதாரி. கடைசி வருடம் முழுக்க அது தனக்கு ஒத்துவருமா என்று தவித்தவள். அவள் கை நீட்டவில்லை.

“இதைச் சாப்பிட்டவங்கள்ல யாராவது படிப்பைப் பாதியில விட்டிருக்காங்களா சார்?”

“ஒருத்தர்கூட இல்லம்மா,” என்றார் பெருமையாக.

“அப்படின்னா, தப்பான படிப்புல சேர்ந்தவங்களுக்கு அது தப்புன்னு கடைசிவரைக்கும் தெரியவே தெரியாதா?”

அதிகாரியின் முகம் சுருங்கியது. “சாப்பிடலேன்னா சீட் இல்ல. பின்னால எத்தனை பேர் நிக்கறாங்க பாரு.”

“அவங்களுக்கே குடுங்க,” என்று எழுந்துவிட்டாள்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த உம்மா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார். “என்ன புள்ள இப்படிச் செஞ்சுட்டே? இனி என்னதான் படிக்கப் போறே?”

நஸ்ரின் உம்மாவின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, தலையை நிமிர்த்திக்கொண்டு உரக்கச் சொன்னாள்:

“தெரியல உம்மா! எனக்கு இன்னும் தெரியல!”