துணைக்கு ராணி

2024 மே மாதம் தென்காசியில் ஒரு கல்லூரி விடுதி விடுமுறைக்குக் காலியானது. சிறுநீரகம் பற்றிய ஆய்வை முடிப்பதற்காக முஹ்ஸினா மட்டும் தங்கினாள்.

“ஏட்டி, யாருட்ட பேசிட்டிருக்க?” போனில் உம்மா கேட்டாள்.

“துணைக்கு ராணி இருக்கா உம்மா. மாசமா இருக்கா.”

“பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுல கூட்டிட்டுப் போகலியா?”

“அவளுக்கு என்னை விட்டா யாருமில்ல.”

“பாவம். நல்லாப் பாத்துக்கோ, ஒத்தையில விட்டுராத.”

ஆய்வகத்துக்குள் பேராசிரியை வந்தார். “வயித்துல இருக்கிற குட்டிகளுக்குச் சிறுநீரகக் குழல் உருவாகுற பருவம் இதுதாம்மா. இன்னைக்கே எடுத்துரு.”

முஹ்ஸினா கூண்டைத் திறந்தாள். வெள்ளை எலி ராணி வழக்கம்போல் தானாகவே அவள் உள்ளங்கையில் ஏறிக்கொண்டது.

அடுத்த வாரம் நுண்ணோக்கியில் குட்டிகளின் சிறுநீரக இளங்குழல்கள் சுருள்சுருளாகத் தெளிவாகத் தெரிந்தன. பேராசிரியை பாராட்டினார்.

“ராணிக்குப் பிள்ள பிறந்துட்டா?” என்றாள் உம்மா.

“அவ ஊருக்குப் போயிட்டா உம்மா.”

போனை வைத்துவிட்டு, கூண்டைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள்.