சுகமானவர்கள் மட்டும்

"இன்னிக்கு எங்க அம்மா சாட்சி சொல்லி ஒரு பாட்டுப் பாடணும், ஐயா."

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். மகள் கேட்டே விட்டாள்.

போதகர் கண்ணாடி முன் நின்று சட்டைக் கைப்பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. கத்தி மாதிரி இஸ்திரி மடிப்பு. கதவுக்கு அந்தப் பக்கம் ஆலயத்தில் நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன.

"சுகம் கிடைச்சவங்கதான் மேடையேறிச் சாட்சி சொல்வாங்க. தெரியாத மாதிரி கேட்கிறியே."

"அம்மாவுக்குச் சுகமாயிடுச்சுன்னு போன வருஷம் நீங்கதானே மேடையில சொன்னீங்க? கட்டி மறுபடி வந்திருக்கு. ஈரலுக்கும் போயிடுச்சு. அதையும் சொல்லட்டும்."

"மெதுவாப் பேசு!"

"அம்மாதான் மெதுவாப் பாடுறாங்க. வாயெல்லாம் புண்ணு. போன வாரம் ஊசி போட நரம்பு கிடைக்கலை, நர்ஸுப் பொண்ணு ரெண்டு தடவை தப்பாக் குத்திட்டா. 'பதறாதேம்மா, நரம்பு எங்கயும் ஓடிடாது, தேடு'ன்னு சிரிச்சுட்டு, அவ குத்தி முடிக்கிறவரைக்கும் ஸ்தோத்திரப் பாட்டை முணுமுணுத்துக்கிட்டே இருந்தாங்க. அந்த வார்டே 'பாட்டக்கா எப்ப வருவாங்க'ன்னு கேட்குது. ஆஸ்பத்திரியில பாடலாம், இங்க பாடக்கூடாதா?"

"நான் கை வெச்சு ஜெபிச்சா வியாதி போயிடும்னு நம்பி வர்ற ஜனங்க இது. போன வியாதி திரும்பி வந்துருச்சுன்னா அவங்க விசுவாசம் என்னாகும்?"

"அவங்க விசுவாசமா, உங்க பேரா?"

"குடும்பத்துலயே முதல் ஆளாப் படிச்சுட்ட திமிரு பேசுது."

"ஆமா, அந்தப் படிப்புதான் டாக்டர் ரிப்போர்ட்டைப் படிச்சுச் சொல்லுச்சு. கேட்டுட்டு அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'சரி, பாடுறதுக்கு இன்னும் நாள் இருக்கு'ன்னாங்க. சுகமானவங்க நன்றி சொல்றதுல என்ன அதிசயம், ஐயா? அதை யார் வேணும்னாலும் சொல்லிடலாம்."

போதகர் அடுத்த கைப்பொத்தானைப் போட்டார். பிறகு கண்ணாடியைப் பார்த்தே சொன்னார்: "கடைசி வரிசையிலேயே உட்காரட்டும். யாராவது கேட்டா முதுகுவலின்னு சொல்லு."

மேசைமேல் இருந்த மைக்கை அவள் எடுத்துக்கொண்டாள்.

"உத்தரவு கேட்க வரலை. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். மேடை வேண்டாம், கடைசி வரிசைக்கே இதைக் கொண்டுபோறேன். கையில கொடுத்துட்டா அவங்களால பாடாம இருக்க முடியாது."

"வெச்சுட்டுப் போ!"

அவள் கதவைத் திறந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"சபைக்குள்ள எல்லாரையும் போல ஐயான்னுதான் கூப்பிடணும்னீங்க, கூப்பிட்டாச்சு. நீங்க போட்டிருக்கிற சட்டையை இன்னிக்குக் காலையில அம்மா நிக்க முடியாம தரையில உட்கார்ந்துதான் இஸ்திரி போட்டாங்க, அப்பா. பாடிக்கிட்டே."

மைக்கின் பொத்தானை அழுத்தியபடி அவள் வெளியே நடந்தாள்.